தஃப்தரில் ஜைத்தூன்பீயின் வரி

1974ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து அடைமழையில்தான் ஜைத்தூன்பீயை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். அப்போது நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. தெருவில் யாருக்கேனும் மனு எழுத வேண்டியிருந்தால் என்னிடம் வருவது வழக்கம். அவளும் அப்படித்தான் வந்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தையை முக்காட்டுக்குள் அணைத்திருந்தாள். வாசல் சாக்கில் ஈரக் காலை இரண்டு முறை துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். அவளுக்கு வயது இருபத்துமூன்றுக்கு மேல் இராது.

“வக்பு போர்டுக்கு ஒரு மனு எழுதணும் டீச்சர். நீங்க எழுதினா மெட்ராஸ்ல மதிப்பாங்கனு எதிர்வூட்டு சந்திரம்மா சொன்னாங்க.”

“என்னனு எழுதணும்?”

“என் வூட்டுக்காரருதான் என்னைத் தள்ளி வச்சாரு. நானே கேட்டு வெலகிட்டேன்னு பள்ளிவாசல் தஃப்தர்ல எழுதி வச்சிருக்காங்க. அது பொய்யினு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

தஃப்தர் என்பது பள்ளிவாசலில் நிக்காஹ்வையும் மணவிலக்கையும் பதியும் புத்தகம். கணவன் மனைவியை விலக்கினால் அது தலாக். மனைவியே விலகிக்கொள்ளக் கேட்டால் அது குலா. இந்த வேறுபாட்டை அவள்தான் எனக்கு விளக்கினாள். அவள் கணவன் பாபுஜான் லாரி வைத்திருந்தான். ஆம்பூரில் தோல் வியாபாரி ஒருவர் தம் மகளை அவனுக்குக் கொடுக்க இசைந்தார். ஆனால், முதல் மனைவியைத் துரத்திவிட்டவன் என்ற பெயர் மாப்பிள்ளைக்கு இருக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். பாபுஜானின் தாய்மாமன் கௌஸ் மொய்தீன் சாயபு எங்கள் தெருப் பள்ளிவாசலின் முத்தவல்லி. ஜமாத்தின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில் இருந்தது. ரம்ஜான் மாதத்தில் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கும் பட்டியல் என்று சொல்லி அவர் ஒரு தாளை நீட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத ஜைத்தூன்பீ கைநாட்டு வைத்தாள். அரிசியும் வந்தது. பெருநாள் கழிந்த மறுவாரம், ஜைத்தூன்பீ தானாகவே விரும்பிக் குலா பெற்றுக்கொண்டாள் என்று பள்ளிவாசல் முற்றத்தில் படித்தார்கள்.

“அந்த அரிசிய ஆக்கித் தின்னுட்டேன் டீச்சர். அதான் எனக்கு இன்னும் ஆறல,” என்றாள்.

மனுவை எழுதினேன். மூன்று மாதங்கள் கழித்து, இஃது உள்ளூர் ஜமாத் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, “நீயே வேணாம்னு சொன்னதா ரெக்கார்டு இருக்குதேம்மா. உங்க மதச் சட்டத்துல நாங்க கை வச்சா ஊர்ல கலாட்டா ஆயிடும்,” என்றார். ஜமாத்துக்கே திரும்பிப் போனாள். முத்தவல்லி வீட்டு வாசலில் ஒரு பகல் முழுவதும் நின்றாள். அவர் தொழுகைக்குப் போகும்போதும் வரும்போதும் அவளைக் கடந்தே சென்றார்.

“மாமு, உங்க கையால எழுதினத உங்க கையாலயே அடிங்க,” என்றாள். கணவனின் தாய்மாமன் என்பதால் அவரை அவள் மாமு என்றே அழைப்பாள். மணவிலக்குக்குப் பிறகும் அந்த முறையை விடவில்லை.

“எழுதினது எழுதினதுதாம்மா. அல்லா உனக்கு வேற வழி காட்டுவான். வூட்டுக்குப் போ,” என்றார் அவர்.

அன்று அவள் என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அழவில்லை. “அந்த ஆளு கையாலயே அத அடிக்க வைக்கிறேன் டீச்சர். அவரு மவுத்தாகறதுக்குள்ள இல்ல நான் மவுத்தாகறதுக்குள்ள,” என்றாள். மவுத் என்றால் மரணம். சினத்தில் பலரும் அப்படிப் பேசுவதை நான் கேட்டிருந்தேன். இரண்டு நாள்களில் தணிந்துவிடும் என்று நினைத்தேன்.

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை ஆலையில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போய்க் குழந்தையை வளர்த்தாள். 1977இல், ஜமாத்தில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டி வந்த கிழவி காலமானாள். அந்த வேலைக்கு யாரும் முன்வரவில்லை. முத்தவல்லி ஆளனுப்பி ஜைத்தூன்பீயை அமர்த்தினார். ஊரில் இதைவிடத் தாழ்ந்த வேலை இல்லை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். பிணம் தொடுகிறவள் பழைய கதையைப் பேச மாட்டாள் என்றும் எண்ணியிருக்கக்கூடும்.

அவள் அந்த வேலையைப் படிப்பைப் போல எடுத்துக்கொண்டாள். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், நேர்மையான மனிதர். வாரந்தோறும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரிடம் ஐயம் கேட்பாள். உடலை எத்தனை முறை கழுவ வேண்டும், எந்தப் பக்கம் முதலில், யார் கழுவலாம், யார் கழுவக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எழுத்தறியாதவளின் நினைவாற்றல் என்னை வியக்க வைக்கும். ஒரு நாள், என் வீட்டு அம்மியில் இஞ்சி தட்டிக்கொண்டே சொன்னாள்:

“டீச்சர், பொணத்தக் குளிப்பாட்டறது எல்லார் மேலயும் இருக்கற கடமையாம். ஒருத்தர் செஞ்சா எல்லாருக்கும் எறங்கிடும். ஒருத்தருமே செய்யலேன்னா ஜமாத்து மொத்தத்துக்கும் பாவமாம். ஹஜ்ரத்து சொல்றாரு. எவ்ளோ பெரிய சட்டம் பாருங்க.”

“அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. தெரிஞ்சு வச்சுக்கறேன்.”

முத்தவல்லிதான் மேலும் ஒரு கதவைத் தாமே பூட்டினார். 1983இல், கீழ்பென்னாத்தூரிலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்தார், அவரைக் கேட்காமல் தங்கள் தாயின் உடலைத் தங்கள் வீட்டுப் பெண்களைக் கொண்டே குளிப்பாட்டிவிட்டார்கள். மார்க்கப்படி அதில் குற்றமில்லை என்று ஹஜ்ரத் சொல்லியும் முத்தவல்லி கேட்கவில்லை. முறையாகக் கழுவப்படாத உடல் என்று கூறி, அடக்கத்துக்கு முன் நடத்தும் தொழுகையை நிறுத்தினார். அவர்கள் தாயை ஊர் மனிதர்கள் இல்லாமல், தாங்களே தொழுது அடக்கம் செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் முத்தவல்லி அறிவித்தார்: ஜமாத் அமர்த்திய பெண்ணைத் தவிர வேறு எவர் குளிப்பாட்டினாலும் இனி அந்த உடலுக்கு நம் பள்ளிவாசலில் தொழுகை இல்லை. ஜமாத் அமர்த்திய பெண் ஜைத்தூன்பீ ஒருத்திதான்.

மகள் ஷம்ஷாத்துக்கு வரன் பார்க்கத் தொடங்கியது 1985இல். முதலில் வந்த போளூர்க்காரர்கள் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், வழக்கப்படி பள்ளிவாசலில் விசாரித்தார்கள். அங்கே தஃப்தரைத் திறந்து காட்டினார்கள். புருஷனை உதறிவிட்டு வந்தவளின் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவள் கேட்டுக்கொண்டிருந்தது பழைய அவமானத்துக்கு மருந்து மட்டுமன்று, அந்த ஒரு வரி மாறாவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்வும் தொடங்காது.

அந்த ஆண்டு, விலக்கப்பட்ட முஸ்லிம் பெண்ணுக்குக் கணவன் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தில்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட அதே பேச்சு. மார்க்கச் சட்டத்தில் அரசு தலையிடக்கூடாது என்று ஒரு பக்கமும், நாட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று மறுபக்கமும் வாதம் நடந்தது. பள்ளிவாசல்களில் பெண்களிடம் கைநாட்டுகள் வாங்கினார்கள். எங்கள் சட்டமே எங்களுக்குப் போதும் என்ற விண்ணப்பத்தை வேலூருக்குக் கொண்டுபோய்க் கலெக்டரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. முத்தவல்லி, ஜமாத்தின் காரியதரிசியை அழைத்துக்கொண்டு ஜைத்தூன்பீயின் வீட்டுக்கே வந்தார். நான் அப்போது உள்ளே ஷம்ஷாத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“விலகினவங்க கைநாட்டுதான்மா இதுல முக்கியம். நம்ம சட்டத்துல உனக்கு ஒரு கொறையும் இல்லேனு ஊருக்குத் தெரியணும்,” என்றார்.

“கொறை இல்லதான் மாமு. சட்டத்துல என்னைத் தலாக்குனுதானே எழுதச் சொல்லியிருக்குது? நீங்கதான் வேற எழுதினீங்க. அத மாத்துங்க, ரெண்டு கைநாட்டு வைக்கிறேன்.”

“பழச கிளறாத. இப்ப நாம ஒண்ணா நிக்கலேன்னா நம்ம எல்லாரையும் முழுங்கிடுவாங்க.”

“அதுக்குள்ள நீங்க என்னை முழுங்கிட்டீங்களே மாமு.”

காரியதரிசி இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். முத்தவல்லி மைப்பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் மற்றொருவர் வந்தார். அவர் பெயர் தருமன். அரிசி மண்டி வைத்திருந்தார். தேரடிப் பக்கம் மேடை போட்டுப் பொதுச் சட்டத்துக்காகக் கூட்டம் நடத்தும் குழுவில் இருந்தார். வெற்றிலைத் தட்டு, புடவையுடன் வந்திருந்தார்.

“நீங்க பேசக்கூட வேணாம்மா. மேடையில வந்து நின்னாலே போதும். உங்களுக்கு நடந்த அநியாயத்த நாங்க சொல்றோம். உங்கள மாதிரி பொண்ணுங்களுக்காகத்தான் நாங்க போராடறோம்.”

ஜைத்தூன்பீ அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “ஒக்காருங்கண்ணே. போன மாசம் என் பொண்ணு தையல் கிளாசுக்குப் போக, செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டா. துலுக்கங்களுக்கு வூடு இல்லேனு கதவச் சாத்தினாரே ஒருத்தரு, அது உங்க கூடப்பொறந்த தம்பிதானே?”

தருமன் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

“முதல்ல அந்தக் கதவத் தொறக்கச் சொல்லுங்க. என் வூட்டுச் சண்டைக்கு உங்க மைக் வேணாம். அந்த ஆளை நான் பாத்துக்கறேன். நீங்க அவரைத் திட்டினா, அவரு எங்க ஆளுங்க நடுவுல பெரிய மனுசன் ஆயிடுவாரு. எனக்கு அதுவா வேணும்?”

அவர் போன பிறகு புடவையைச் சந்திரம்மாளிடம் கொடுத்துத் திருப்பியனுப்பினாள். செய்தித்தாளில் இந்த வாதங்களை நான் படித்துக் காட்டுவேன். “இத்தனை பேர் எழுதறாங்களே, ஒருத்தராச்சும் எங்கள வந்து கேட்டாங்களா டீச்சர்?” என்பாள்.

அவள் காத்திருந்த நாள் அந்த ஆண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று வந்தது. அதிகாலையில் முத்தவல்லியின் மனைவி மாரடைப்பால் காலமானார். பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தெருவெங்கும் கிரிவலம் வரும் மக்கள். ஜைத்தூன்பீயைக் கூப்பிட்டார்கள். நானும் துக்கம் விசாரிக்க அவளுடன் சென்றேன். பின்கட்டில் திரை கட்டி, பலகை போட்டு, வெந்நீர் தயாராக வைத்திருந்தார்கள். உடலைப் பலகையில் கிடத்தியாயிற்று. ஜைத்தூன்பீ பலகைக்கு அருகில் உட்கார்ந்தாள், தண்ணீரைத் தொடவில்லை.

“ஆரம்பிங்க பாபி, நேரமாவுது,” என்றாள் முத்தவல்லியின் மூத்த மருமகள். பாபி என்றால் அண்ணி.

“மாமுவைத் திரைக்கு அந்தப் பக்கம் வரச் சொல்லு. தஃப்தரோட வரச் சொல்லு.”

மருமகள் வெளியே போனாள். சிறிது நேரத்தில் திரைக்கு அப்பால் முத்தவல்லியின் குரல் கேட்டது. அவருக்குப் பின்னால் ஜமாத்தார் நாற்பது ஐம்பது பேர் முற்றத்தில் நின்றிருந்தார்கள்.

“பொணத்த வச்சிக்கிட்டு பேரம் பேசறியா?”

“பேரம் இல்ல மாமு. பதினொரு வருஷமா கேட்டதையே கேக்கறேன்.”

“பாவம் வரும் உனக்கு.”

“வரும். எனக்கு மட்டும் இல்ல. யாருமே குளிப்பாட்டலேன்னா ஜமாத்து மொத்தத்துக்கும் வரும். ஹஜ்ரத்து அங்கதானே கீறாரு, கேளுங்க.”

ஹஜ்ரத் தாழ்ந்த குரலில், “அது சரிதான்,” என்றார்.

“செங்கத்துல ஒருத்தி இருக்கறா. கூட்டியார இப்பவே ஆளு அனுப்பறேன்,” என்றார் முத்தவல்லி.

“இந்தக் கூட்டத்துல அவ நாளைக்குத்தான் வந்து சேருவா.”

“அப்ப எங்க வூட்டுப் பொண்ணுங்களே குளிப்பாட்டிக்கறாங்க. மார்க்கத்துல தடை இல்ல.”

ஜைத்தூன்பீ முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். உயர்த்தினாள் என்பதைவிட, முற்றத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாள் என்பதே சரி.

“தடை இல்ல. ஆனா அப்படிக் குளிப்பாட்டினா தொழுகை இல்லேனு மைக்ல சொன்னது யாரு? கீழ்பென்னாத்தூர்க்காரங்க அங்க நிக்கறாங்களா? அவங்க அம்மாவுக்கு இல்லாத தொழுகை முத்தவல்லி பொண்டாட்டிக்கு மட்டும் எப்படி வந்ததுனு அவங்க கேக்க மாட்டாங்களா?”

“கேப்போம்,” என்றது ஓர் ஆண் குரல். “இப்பவே கேக்கறோம்,” என்றது மற்றொன்று. முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தாம் போட்ட பூட்டுக்குள் தாமே நிற்பது முத்தவல்லிக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஹஜ்ரத் அவரிடம் ஏதோ சொன்னார். காரியதரிசியின் செருப்புச் சத்தம் பள்ளிவாசல் பக்கம் விரைந்து போய்த் திரும்பி வந்தது.

திரையின் இடைவெளியில் எனக்கு அவர் கை தெரிந்தது. பழைய வரியை அவர் கோடிட்டு அடித்தார். மேலே எழுதினார்: பெண் கேட்கவில்லை, கணவன் கொடுத்த தலாக். கையெழுத்திட்டார். சாட்சியாக ஹஜ்ரத்தும் காரியதரிசியும் கையெழுத்திட்டார்கள்.

“படிங்க ஹஜ்ரத்து,” என்றாள் ஜைத்தூன்பீ.

படித்தார்.

“மாமுவைப் படிக்கச் சொல்லுங்க.”

முத்தவல்லி படித்தார். மனைவியை இழந்த மனிதரின் குரல் அது, கேட்கச் சகிக்கவில்லை. என் பக்கத்திலிருந்த பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு வாட்டி. கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

அவர் மறுபடியும் படித்தார். அதன் பிறகே அவள் கைகளைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மிதமான சூட்டில் இலந்தையிலை ஊறிய நீரை ஊற்றி, வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம், கடைசியில் கற்பூர நீர். கூந்தலைச் சிக்கெடுத்து மூன்றாகப் பகுத்தாள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் துடைக்கும் தாயின் கைகள்கூட அவ்வளவு மென்மையாக இரா.

பிணத்தை முன்னிறுத்திப் பழி தீர்த்தாள் என்று ஊரில் பாதிப்பேர் அவளை ஏசினார்கள். அவர்களுடைய பேச்சில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அந்தப் பாதிப்பேரில் ஒருவர்கூட அதற்கு முந்தைய பதினொரு ஆண்டுகளில் அவளுக்காக வாய் திறந்ததில்லை. மறு ஆண்டு ஜமாத்தார் வேறொருவரை முத்தவல்லியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1987 தை மாதத்தில் ஷம்ஷாத்துக்குப் போளூரில் மின்பணியாளர் ஒருவருடன் நிக்காஹ் நடந்தது. முதலில் மறுத்துப்போன குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. “வேணும்னேதான் அந்தத் தெருவுல குடுத்தேன்,” என்று ஜைத்தூன்பீ என்னிடம் சொன்னாள்.

அவள் வஞ்சம் அத்துடன் தீர்ந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். தீரவில்லை. நாள்தோறும் ஆலைக்குப் போகும்போது கௌஸ் மொய்தீன் சாயபுவின் வாசலில் நின்று, “சலாம் மாமு,” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அவர் வாசலில் உட்காருவதையே விட்டுவிட்டார். பிறகு சன்னலுக்கு அருகே நின்று சொல்லத் தொடங்கினாள்.

“போதும் ஜைத்தூன். நீ கேட்டது கெடச்சாச்சே,” என்று ஒரு முறை சொன்னேன்.

“எனக்குக் கெடச்சது டீச்சர். அவருக்கு இன்னும் கெடைக்கலியே,” என்று சிரித்தாள்.

1988இல் கௌஸ் மொய்தீன் சாயபுவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை, தீங்குக்கு ஆளானவர் மன்னித்தாலன்றி இறைவனும் மன்னிப்பதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மன்னிப்பை எங்கள் பக்கத்தில் மாப்பு என்பார்கள். மாப்புக் கேட்டு இரண்டு முறை காரியதரிசியை அனுப்பினார். முதல் முறை, “யோசிக்கிறேன்,” என்று சொல்லியனுப்பினாள். இரண்டாம் முறை, “இன்னும் யோசிச்சுக்கிட்டே கீறேன்,” என்றாள்.

1989 ஆடியில் அவளே படுத்துவிட்டாள். சிறுநீரகம் பழுது, வேலூர் மருத்துவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஷம்ஷாத் வந்து கவனித்துக்கொண்டாள். நான் பிற்பகல்களில் போய் உட்காருவேன். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெரு நிறைய ஆட்கள் இருந்த வேளையில், கௌஸ் மொய்தீன் சாயபுவைப் பிரம்பு நாற்காலியில் வைத்து அவர் மகன்கள் இருவரும் தூக்கி வந்தார்கள். வாசலில் நாற்காலியை இறக்கினார்கள். தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள்.

“பாபி, அப்பாவே வந்திருக்கறாரு. அவரால பேச முடியல. ஒரே வார்த்தை சொல்லிடுங்க,” என்றான் மூத்த மகன். கிழவர் இடக்கையை மட்டும் உயர்த்தி, நெற்றிவரை கொண்டுபோக முயன்றார். வாயிலிருந்து ஒழுகிய நீரை இளைய மகன் துடைத்தான்.

ஷம்ஷாத் அழுதாள். “குடுத்துடும்மா. என் வாழ்க்கைதான் நல்லா ஆயிடுச்சே. நீ போற நேரத்துல எதுக்கும்மா?”

ஜைத்தூன்பீ தலையணையில் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். பழி பாராட்டுவது நன்றன்று என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்; அப்போது அதை ஒரு முறையேனும் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

“ஷம்ஷாத், அவருக்கு டீ போட்டுக் குடு. சக்கரை கம்மியா போடு, அவரு ஒடம்புக்கு ஆவாது,” என்றாள். ஷம்ஷாத் முகம் மலர்ந்து அடுப்படிக்கு ஓடினாள். மகன்களும் அதை நல்ல குறியாகவே எடுத்துக்கொண்டார்கள். மூத்தவன் நாற்காலியை இன்னும் ஓரடி முன்னே நகர்த்தினான்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து, அவள் வாயருகே காதை வைத்தேன். மூன்று நாள்கள் கழித்து அவள் நினைவு தப்பி இறந்துபோனாள். அதுவரை வேறு எதையும் யாரிடமும் அவள் கேட்கவில்லை.

“எனக்குச் சத்தம் வரல டீச்சர். கிளாஸ்ல கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கறா மாதிரி பேசுவீங்களே, அப்படி வாசல்ல போய் நின்னு சொல்லுங்க. ஜைத்தூன் மாப்பு குடுக்கலனு சொல்லுங்க. டீயக் குடிச்சு முடிக்கட்டும், அப்புறமா சொல்லுங்க.”